அடையாளத்துக்குப் போட்ட துண்டு

என் வீட்டுக்காரர் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனால் ஆண்டவரும் கூடப் போக வேண்டும். கொடுவாவா, குராவா என்பதைத் தனியாக முடிவு செய்ய மாட்டார். மீன் கடைக்கு முன்னால் நின்று கண்ணை மூடுவார். கடைக்காரர் சீனர். முதல் தடவை தலைசுற்றல் என்று பயந்து உட்கார ஒரு முக்காலி எடுத்துப் போட்டாராம். பிறகு பழகிவிட்டது. இவர் கண்ணை மூடியதும் அவர் அடுத்த ஆளுக்கு மீன் வெட்ட ஆரம்பித்துவிடுவார். இவர் கண்ணைத் திறக்கும்போது நல்ல மீனெல்லாம் போயிருக்கும். மிஞ்சியதை வாங்கிக்கொண்டு வந்து, "இதுதான் சித்தம்" என்று என் கையில் கொடுப்பார். எங்கள் வீட்டுச் சித்தத்தில் எப்போதும் கொஞ்சம் முள் அதிகம்.

மீனோடு முடிந்தால் பரவாயில்லை. சட்டைத் துணி எடுக்க, பல் பிடுங்க, வானொலிப் பெட்டி வாங்க, எல்லாவற்றுக்கும் உத்தரவு வர வேண்டும். வானொலிப் பெட்டிக்கு உத்தரவு வருவதற்குள் பக்கத்துக் கடைக்காரர் வாங்கி, கேட்டு, பழுதாக்கி, விற்றும் விட்டார். "மனசுல இன்னும் சமாதானம் வரல" என்பார் இவர். அந்தச் சமாதானம் எங்கிருந்து வருகிறதோ, மாட்டு வண்டியில்தான் வந்துகொண்டிருந்தது. என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர் ஜெபித்துப் பதில் சொல்வதாகச் சொன்னார். நாங்களும் காத்திருந்தோம், காத்திருந்தோம். கடைசியில் என் அப்பா பொறுமை இழந்து வேறு இடம் பார்க்கக் கிளம்பிய அன்றைக்குப் பதில் வந்தது. "ஆண்டவர் கடைசி நேரத்துல சொன்னார்" என்று இன்றைக்கும் சாதிக்கிறார். என் அப்பா கிளம்பியதைப் பார்த்து யாரோ போய்ச் சொல்லியிருப்பார்கள் என்பது என் கட்சி.

குறை சொல்லவில்லை. நல்ல மனிதர். துறைமுகத்தில் ஒரு கிடங்கு ஆபீசில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சபையின் பாடகர் குழுவில் கட்டைக் குரல். பொய் சொல்லத் தெரியாது. குடி, சீட்டு, சிகரெட் எதுவும் கிடையாது. அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் ஆண்டவரைத் தொந்தரவு செய்வதுதான்.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு தையல்கடைக்கு மேல் மாடியில் குடியிருந்தோம். ஒரே மாடியைப் பலகை வைத்துத் தடுத்து அறைகளாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். தெருப் பக்கத்துப் பெரிய அறை எங்களுக்கு. நாங்கள் இரண்டு பேர், பள்ளிக்கூடம் போகும் பையன்கள் இரண்டு பேர். பின்பக்கத்துச் சின்ன அறையில் ஒரு இளம் விதவை, அவளுடைய சின்னப் பெண். அந்த அறைக்குச் சன்னல் கிடையாது. சமையலறை எல்லோருக்கும் பொது. சமையலறைச் சன்னலுக்கு வெளியேதான் துணி காய வேண்டும். அதற்கு இரண்டு நீள மூங்கில் கம்புகள் இருந்தன. ஈரத்துணியைக் கம்பில் கோத்து, கம்பைச் சன்னல் வழியாகப் பின்சந்துக்கு மேலே நீட்டி, அடிமுனையைச் சட்டத்தில் செருக வேண்டும். மழை வந்தால் கம்போடு உள்ளே இழுக்க வேண்டும். நனைந்த துணியோடு அதை இழுப்பதற்கு நல்ல தோள் வேண்டும். எனக்கே மூச்சு முட்டும்.

பின்னறைக்காரி கெட்டிக்காரி. கணவர் கப்பலில் சரக்கு இறக்கும்போது விபத்தில் போய்விட்டார். கீழே தையல்கடையிலிருந்து ரவிக்கைகளை வாங்கி வந்து கொக்கி வைத்துக் கொடுத்துப் பிழைத்தாள். அவள் சாமி கும்பிடுகிறவள். நாங்கள் சபைக்குப் போகிறவர்கள். பலகைச் சுவர் என்பதால் எங்கள் மாலை ஜெபம் அவளுக்கு மனப்பாடம். "அக்கா, நேத்து அண்ணன் உங்க பெரிய பையனோட கணக்குப் பாடத்துக்கு ரொம்ப நேரம் கேட்டாங்களே, பாஸாயிட்டானா?" என்பாள். அவன் பாஸாகவில்லை. அதையும் அவளிடம் சொன்னேன். "சாமிக்கும் கணக்கு வராது போல" என்று சிரித்தாள். எனக்கு அவளைப் பிடிக்கும்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னாலேயே இருமல் வர ஆரம்பித்தது. முதலில் மழைக்காலச் சளி என்றாள். பிறகு ரவிக்கைப் பஞ்சு என்றாள். ஒரு நாள் சமையலறைத் தொட்டியில் அவள் துப்பியதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தபோது நான் பார்த்துவிட்டேன். சிவப்பாக இருந்தது. நான்தான் அவளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, காசநோய் என்றார்கள். குழந்தைக்கும் படம் எடுத்தார்கள். நல்ல வேளை, அதற்கு ஒன்றும் இல்லை.

"ஊசி இருக்கு, மாத்திரை இருக்கு, படுத்துக் கிடந்தா பிழைச்சுக்குவ" என்றார் வார்டில் இருந்த மிஸ்ஸி. தாதிகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். "ஆனா மாசக்கணக்குல கிடக்கணும். வர்ற திங்கட்கிழமை ஒரு கட்டில் காலியாகுது. உனக்குன்னு வச்சிருக்கேன். நீ வரலன்னா வேற ஆளுக்குப் போயிடும். காத்துக்கிட்டு நிறைய பேர் இருக்காங்க."

"பிள்ளையை என்ன செய்யறது மிஸ்ஸி?"

"யாரும் இல்லன்னா அநாதைப் பிள்ளைங்க இல்லத்துல சேத்துடலாம்."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். பிள்ளையை இல்லத்தில் விட மாட்டாளாம். செத்தாலும் அந்தச் சன்னல் இல்லாத அறையிலேயே பிள்ளையோடு சாவாளாம். வழி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அக்கா, நீங்க வச்சுக்குவீங்களா?"

எனக்கு நாக்கு நுனியில் சரி என்ற வார்த்தை நின்றது. ஆனால் வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறாரே, அவருக்கு மேலே இன்னொருவர் வேறு இருக்கிறாரே. "அண்ணன் வரட்டும்மா" என்றேன்.

சாயங்காலம் இவர் வந்ததும் அவளே எங்கள் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள். குழந்தை அவள் பின்னால் நின்று எங்கள் பையன்களின் பம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, சோறு நீங்க என்ன சாப்பிடுறீங்களோ அதைக் குடுத்தா போதும். அடம் பிடிக்காது. காலையில பொட்டு மட்டும் வச்சுவிடுங்க. கோயிலுக்கெல்லாம் கூட்டிட்டுப் போகச் சொல்லல. பொட்டு ஒண்ணுதான்."

இவர் முகம் உருகிப்போயிற்று. எனக்குத் தெரியும், அவருக்கு இளகின மனசு. ஆனால் வாய் திறந்து என்ன சொன்னார் தெரியுமா?

"கேட்டுச் சொல்றேன் தங்கச்சி."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். மறுநாள் சமையலறையில் நான் மீனின் முள்ளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டாள்: "அண்ணன் யாரைக்கா கேக்கணும்? வீட்டுச் சொந்தக்காரங்களையா?"

"அவங்களுக்கும் மேல இருக்கறவரை."

"மேல ஓடுதானேக்கா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். புரியாமல் கேட்கவில்லை, அவளும் கிண்டல்காரிதான். சிரித்த சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரம் முழுவதும் இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். காலையில் கேட்டார். பஸ்ஸில் கேட்டார். ஒரு நாள் மதியச் சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்; உபவாசமாம். ஒவ்வொரு சாயங்காலமும் நான் முகத்தைப் பார்ப்பேன். அவர் தலையை ஆட்டுவார். சமாதானம் வரவில்லை.

"எதுக்குங்க இன்னும் வரல?"

"நம்ம பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கிட்டா?"

"அதான் பிள்ளைக்கு ஒண்ணும் இல்லன்னு படம் எடுத்துச் சொல்லிட்டாங்களே. ஒட்டறதா இருந்தா அவ கூட ஒரே சமையலறையில இத்தனை நாள் இருந்தோமே, அப்பவே ஒட்டியிருக்கும்."

"பொட்டு விஷயம் வேற இருக்கு. சபையில நாலு பேர் கேப்பாங்க."

"பொட்டுக்கும் உத்தரவு வேணுமா? பசிக்கிற பிள்ளைக்குச் சோறு போடலாமான்னு ஆண்டவரைக் கேக்கற ஆள் இந்தச் சிங்கப்பூர்லயே நீங்க ஒருத்தர்தாங்க. அவருக்கே வெக்கமா இருக்கும்."

சொல்லிவிட்டேன். இன்னும் நிறையச் சொல்லியிருப்பேன். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அவர் பதிலுக்குக் கோபிக்காமல், சுவர்ப் பக்கம் திரும்பி மறுபடியும் முழங்கால் போட்டார்.

அதற்குக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில், அரிசிக்கு வழியில்லாமல் எல்லோரும் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த நாளில், சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்தார்கள். சம்பளம், சாப்பாடு, துணி எல்லாம் தருவதாகச் சொன்னார்கள். இவருடைய தம்பி வந்து, "போகட்டுமாண்ணே?" என்று கேட்டிருக்கிறான். இவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "போடா, வயிறாவது நிறையும்" என்று சொல்லிவிட்டார். போனவன் திரும்பவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றுகூடத் தெரியாது. "அன்னைக்கு நான் ஆண்டவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல" என்று கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. கொடுவாவா குராவா என்று அவர் கண்ணை மூடி நிற்கும்போது நான் எவ்வளவு கேலி செய்தாலும், அந்தத் தம்பியின் ஞாபகம் வந்து என் வாயைக் கட்டிவிடும். அன்றைக்கும் கட்டிவிட்டது. பாவம், என்ன செய்வார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், சபைக்குப் புறப்படும் நேரத்தில், இவர் கையில் ஒரு துண்டோடு சமையலறைக்குப் போவதைப் பார்த்தேன். நீலக் கரை போட்ட வெள்ளைத் துண்டு, முகம் துடைக்கிறது. ஒரு கம்பில் நான் ஏற்கெனவே துவைத்த சட்டை, பாவாடை எல்லாம் நிறையக் கோத்து நீட்டியிருந்தேன். இவர் சும்மா கிடந்த இன்னொரு கம்பை எடுத்து, அதில் அந்த ஒரே துண்டை மட்டும் போட்டு, சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு, கவ்வியும் மாட்டி, கம்பை வெளியே நீட்டினார்.

"காஞ்ச துண்டை எதுக்குக் காயப்போடுறீங்க?"

பின்னறைக்குக் கேட்கக் கூடாதென்று என் காதோடு காதாகச் சொன்னார். வேதத்தில் ஒருவர், போருக்குப் போகலாமா வேண்டாமா என்று தெரியாமல், களத்தில் ஒரு ஆட்டுத்தோலைப் போட்டுவைத்து ஆண்டவரிடம் அடையாளம் கேட்டார் அல்லவா? ஒரு நாள் தரையெல்லாம் காய்ந்திருக்கத் தோல் மட்டும் நனைய வேண்டும், அடுத்த நாள் தரையெல்லாம் நனைந்திருக்கத் தோல் மட்டும் காய்ந்திருக்க வேண்டும் என்று. அதையேதான் இவரும் கேட்டிருக்கிறாராம். நாங்கள் ஆராதனை முடிந்து வரும்போது மற்றக் கம்புத் துணியெல்லாம் நனைந்து, இந்தத் துண்டு மட்டும் காய்ந்திருந்தால், குழந்தையை வைத்துக்கொள்ளலாம்.

நான் வானத்தைப் பார்த்தேன். டிசம்பர் மாதம். கறுத்துக்கொண்டு வந்தது.

"என்னங்க, இதுக்கு வேண்டாம்னு நேராவே சொல்லிட்டுப் போயிருக்கலாமே! ரெண்டு கம்பும் பக்கத்துப் பக்கத்துல நிக்குது. மழை எப்படிங்க ஒண்ணை நனைச்சு ஒண்ணை விடும்?"

"நடக்கக்கூடியதைக் கேட்டா அது ஆண்டவரா தற்செயலான்னு எப்படித் தெரியும்? நடக்க முடியாததைக் கேட்டாத்தான் நிச்சயம்" என்றார். முகத்தில் விளையாட்டு இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் குடையை எடுக்க மறந்துபோனேன்.

சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பாடகர் குழு முன்னால். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் இடி இடித்தது. பிரசங்கம் ஆரம்பித்ததும் மழை கொட்டியது. சிங்கப்பூர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூரைமேல் விழுந்த சத்தத்தில் போதகரின் வாய் மட்டும் அசைந்தது, வார்த்தை ஒன்றும் கேட்கவில்லை. பாடகர் வரிசையிலிருந்து இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் அந்த நேரத்தில் ஒரே துண்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு எழுந்து ஓடிப்போய் அதை உள்ளே இழுத்துவிடலாமா என்றிருந்தது. ஆண்டவருக்கு உதவி செய்ததாகத்தானே ஆகும்? ஆனால் அது ஏமாற்று வேலை. அதனால் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். "ஆண்டவரே, இந்த மனுஷன் இப்படித்தான், உமக்குத் தெரியும். கடலைப் பிளந்தீர். ஒரு துண்டைப் பார்த்துக்கொள்ளக் கூடாதா? நாளைக்குத் திங்கட்கிழமை" என்று கேட்டேன். முகம் துடைக்கிற துண்டுக்காக நான் ஜெபம் பண்ணியது என் ஆயுளில் அன்றைக்கு மட்டும்தான். பக்கத்தில் இருந்த அம்மாள் நான் உருக்கமாக ஜெபிப்பதாக நினைத்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஆராதனை முடிந்தபோது மழை விட்டிருந்தது. பையன்கள் ஞாயிறு பள்ளிக்குத் தங்கிக்கொண்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் வேகமாக நடந்தோம். தெருவெல்லாம் தண்ணீர். கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் அஞ்சடி நடைபாதையில் ஒதுங்கியவர்கள் இன்னும் கலையவில்லை. இவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் போனார். மாடிப்படியில் மட்டும் தயங்கினார். நான் அவரைத் தாண்டிக்கொண்டு மேலே போனேன்.

சமையலறைச் சன்னலுக்கு வெளியே ஒரு கம்புதான் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் என் பாவாடையும் பையன்களின் சட்டைகளும் தொப்பலாக நனைந்து சொட்டிக்கொண்டிருந்தன. மற்றக் கம்பைக் காணவில்லை. அது உள்ளே, சுவரோரம் சாய்ந்து நின்றது. கரி அடுப்புக்குப் பக்கத்தில், அனல் படுகிற தூரத்தில், பலகைமேல் அந்தத் துண்டு அழகாக மடித்து வைத்திருந்தது.

இவர் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. வெதுவெதுப்பாகக்கூட இருந்தது.

"ஆண்டவரே!" என்றார். அவர் கால் மடங்கி, ஈரத் தரையில் அப்படியே முழங்கால் போடப் போனார்.

அந்த நேரத்தில் பின்னறையின் கதவு திறந்தது. அவள் நின்றாள். தலை முதல் கால்வரை நனைந்திருந்தாள். மாற்றிக்கட்டக் காய்ந்த சேலை வேறு இல்லையோ என்னவோ. உதடு நீலம் பாரித்திருந்தது. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்றாள். "சன்னலுக்கு வெளியே எக்கி எக்கிப் பாத்தும் மத்த கம்பை இழுக்க முடியல. மூச்சு அடைச்சிருச்சு. அண்ணன் இந்தத் துண்டை மட்டும் தனிக் கம்புல போட்டுட்டுப் போனாங்களா, ஏதோ முக்கியமான துண்டு போலன்னு முதல்ல அதை இழுத்தேன். லேசா நாலு சொட்டு விழுந்திருச்சு. அடுப்புல காட்டிக் காய வச்சிட்டேன்."

கொஞ்சம் நிறுத்தி, மூச்சு விட்டுவிட்டு, "என் கை பட்டிருக்குண்ணே. கொதிதண்ணியில போட்டு எடுத்துட்டுப் பயன்படுத்துங்க" என்றாள்.

அவளுக்கு அந்தத் தோல் கதையும் தெரியாது, துண்டின் வேலையும் தெரியாது.

இவர் பாதி மடங்கின காலோடு நின்றார். அவர் முகத்தில் ஒரு வழக்கு நடப்பது எனக்குத் தெரிந்தது. மனிதக் கை பட்ட அடையாளம் செல்லுமா, செல்லாதா? நாலு சொட்டு விழுந்தால் அது நனைந்த கணக்கா, காய்ந்த கணக்கா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் இப்போது மட்டும் கண்ணை மூடினால் அந்தக் கம்பாலேயே ஒன்று போடுவது என்று இருந்தேன். சத்தியமாக இருந்தேன்.

அவர் கண்ணை மூடவில்லை. சொட்டச் சொட்ட நிற்கிற அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி" என்றார். "இதை எடுக்கறதுக்கு முன்னாடி நீ யாரையாச்சும் கேட்டியா? எடுக்கலாமா வேண்டாமான்னு?"

திட்டுகிறார் என்று நினைத்து அவள் பயந்துவிட்டாள். "இல்லண்ணே. மழை வந்துச்சு. எடுத்தேன்."

அவர் அந்த வார்த்தைகளைத் தனக்குள் திருப்பிச் சொல்லிக்கொள்வது உதட்டில் தெரிந்தது. பிறகு அந்தத் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அவ தலையைத் துவட்டிவிடு."

"இந்தத் துண்டாலயா? இது உங்க..."

"துவட்டு லா!" என்று கத்தினார். எங்கள் கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் குரலை உயர்த்தியது கிடையாது. தெருப் பையன்கள் பேசுகிற 'லா' அவர் வாயில் வந்ததும் கிடையாது. நான் ஒரே எட்டில் போய் அவள் தலையைத் துண்டால் பொத்தினேன். கூந்தலிலிருந்து அவ்வளவு தண்ணீர் வந்தது. அடையாளத்துக்குப் போட்ட துண்டு கடைசியில் நனைந்துதான் போயிற்று.

"நாளைக்குக் காலையில நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் இவர். "பாப்பா எங்ககிட்ட இருக்கட்டும். நீ எழுந்து வர்றவரைக்கும் இருக்கட்டும்."

அவள் துண்டுக்குள்ளிருந்து கேட்டாள்: "கேட்டுச் சொல்றேன்னீங்களேண்ணே?"

"கேட்டாச்சும்மா" என்றவர், சமையலறை முக்காலியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். தம்பி பெயரைச் சொல்லி அழுதார். நானும் அழுதேன். எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஈரச் சட்டைகளுக்காக இருக்கும் என்று நினைத்து மறுபடியும் மன்னிப்புக் கேட்டாள்.

திங்கட்கிழமை அவர் ஆபீசுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, டிரைஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். கட்டில் இருந்தது. வரும் வழியில் சிராங்கூன் ரோட்டில் ஒரு கடையில் குழந்தைக்குச் சாந்து வாங்க நின்றிருக்கிறார். கறுப்பா சிவப்பா என்று கண்ணை மூடினாராம். அதை அவரே வந்து சொன்னார். அடியோடு திருந்திவிட்டார் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் சபையில் ஒருவர், "என்ன, உங்க வீட்டுப் பிள்ளை நெத்தியில பொட்டு?" என்று இழுத்தபோது கண்ணை மூடாமலே பதில் சொன்னார். "அதோட அம்மா வச்சுவிடச் சொன்னாங்க." அவ்வளவுதான்.

அவள் ஆஸ்பத்திரியில் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தாள். நடுவில் ஒரு தடவை மோசமாகி, வெளிச் சன்னல் வழியாகத்தான் குழந்தையைக் காட்ட விட்டார்கள். அன்றைக்கு இவர் பஸ்ஸில் வழி முழுக்கக் குழந்தையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. அதற்குள் எங்களுக்குக் குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. குழந்தையும் எங்களோடு வந்தது. பையன்களோடு சண்டை போட்டது, இவர் மடியில் தூங்கியது, சாப்பாட்டு ஜெபத்தில் ஆமென் என்பதை எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தது. காலையில் நான் மறந்தால் அதுவே சாந்து டப்பியைக் கொண்டுவந்து முகத்தை நீட்டும்.

குணமாகி அவள் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சதை போட்டிருந்தாள். முதலில் அடையாளமே தெரியவில்லை. குழந்தை கொஞ்சம் வெட்கப்பட்டு என் பின்னால் ஒளிந்து, பிறகு ஒரே பாய்ச்சலில் போய்க் கட்டிக்கொண்டது. நான் கோப்பி கலக்க உள்ளே வந்தேன். அடுக்குமாடியிலும் அதே மூங்கில் கம்புதான். ஆனால் இங்கே சமையலறைச் சன்னலுக்கு வெளியே இன்னும் உயரத்தில் நீட்ட வேண்டும், இன்னும் கனம். அன்றைக்கு இரண்டு கம்பு நிறையத் துணி போட்டிருந்தேன்.

கோப்பித்தூளைத் தேடிக்கொண்டிருந்தபோது படபடவென்று மழை வந்தது. நான் டப்பாவை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மூங்கில் சட்டத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை. பார்த்தால் இரண்டு கம்பும் சமையலறைத் தரையில் குறுக்கே கிடக்கின்றன. துணி ஒன்றும் நனையவில்லை. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். மூச்சு வாங்கவில்லை. இருமவும் இல்லை.

"இந்தத் தடவை ரெண்டையும் எடுத்துட்டேன்க்கா" என்றாள்.

இவர் சமையலறை வாசலில் வந்து நின்று அந்தக் கம்புகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வழக்கம்போலக் கண்ணை மூடினார். இப்போது கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று கேலி செய்ய வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டு நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.